பரிசோதனைகள் எல்லாம் இயல்பு, ஆனாலும் நிற்காத இரத்தக்கசிவு: 'காரணி 13' குறைபாட்டை அறிந்துகொள்வது எப்படி?

புதுதில்லி: பிறந்து ஒரு வாரமான குழந்தை. தொப்புள்கொடி காய்ந்து விழுந்த இடத்தில் இரத்தம் கசிகிறது. துணியால் துடைத்தால் நிற்கிறது. சில மணி நேரம் கழித்து மீண்டும் கசிகிறது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. இரத்தம் உறைவதற்கான நேரத்தைக் கணக்கிடும் பரிசோதனைகளும் இயல்பு என்றே வருகின்றன. கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று கூறி மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். கசிவும் சில நாட்களில் நின்றுவிடுகிறது. அக்குழந்தைக்கு ஓராண்டு ஆகும் முன்பே ஒரு நாள் வலிப்பு வருகிறது. தலையைப் படம் எடுத்துப் பார்க்கும்போது மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பது தெரிகிறது.

இது ஒரு குறிப்பிட்ட குழந்தையின் கதையன்று. 'காரணி 13' எனப்படும் இரத்தப் புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் வரிசை இது. மருத்துவமனை அறிக்கைகளில் 'ஃபேக்டர் 13 குறைபாடு' என்று எழுதப்படும் இந்நோய், இரத்தம் உறைதல் தொடர்பான பிறவிக் கோளாறுகளில் மிக அரிதானவற்றுள் ஒன்று. உரிய நேரத்தில் கண்டறிந்துவிட்டால் மாதம் ஒருமுறை செலுத்தப்படும் மருந்தினாலேயே பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம். கண்டறியாமல் விட்டால் உயிரையே பறிக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கூடுதல் பரிசோதனைதான். அந்தப் பரிசோதனையைச் செய்யத் தூண்டும் அறிகுறிகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லில் ஒரு குழப்பம்

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மருத்துவச் செய்திகளைத் தமிழில் எழுதும்போது 'இரத்த உறைவுக் கோளாறு' என்ற ஒரே தொடரை நேர் எதிரான இரண்டு நிலைகளுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். இரத்தக்குழாய்க்குள் தேவையில்லாமல் கட்டி உருவாகி அடைப்பது ஒன்று. மாரடைப்பு, பக்கவாதம், காலின் ஆழ்சிரை அடைப்பு ஆகியவை அவ்வகை. காயம் பட்டால் தேவையான அளவுக்கு இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருப்பது மற்றொன்று. ஹீமோஃபிலியா இந்த இரண்டாம் வகை. காரணி 13 குறைபாடும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. முதல் வகைக்குக் கொடுக்கப்படும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இரண்டாம் வகை நோயாளிக்கு ஆபத்தாக முடியும் என்பதால், இந்த வேறுபாடு வெறும் மொழிச் சிக்கலோடு நின்றுவிடுவதில்லை.

முடிச்சில்லாத வலை

காயம் பட்டவுடன் இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு முதல் அடைப்பை ஏற்படுத்துகின்றன. அதைத் தொடர்ந்து உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. இறுதியில் 'த்ராம்பின்' என்ற நொதி உருவாகி, இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை 'ஃபைப்ரின்' இழைகளாக மாற்றுகிறது. இந்த இழைகள் வலைபோல் பின்னிக்கொண்டு காயத்தை மூடுகின்றன.

நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால் அது பார்ப்பதற்கு வலைபோல் இருக்கும். ஆனால் முடிச்சிடாத வரை அது மீனைத் தாங்காது. அந்த முடிச்சுகளைப் போடுவதே காரணி 13-இன் வேலை. த்ராம்பினும் கால்சியமும் சேர்ந்து இதனைச் செயல்பட வைக்கின்றன. அதன்பின் இது ஃபைப்ரின் இழைகளை ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் இணைக்கிறது. உடலின் இயல்பான கரைப்பு நொதிகளிடமிருந்து கட்டியைக் காக்கும் மற்றொரு புரதத்தையும் இழைகளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது.

காரணி 13 இல்லாதவருக்கும் இரத்தம் உறையும். அதுவும் உரிய நேரத்திலேயே உறையும். ஆனால் உருவான கட்டி வலுவற்றது. சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அது கரைந்து, நின்றுபோன இரத்தம் மீண்டும் கசியத் தொடங்கும். இந்நோயின் ஏறத்தாழ எல்லா அறிகுறிகளையும் இந்த ஒரு செய்தியிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஃபைப்ரினை வலுப்படுத்தும் இத்தகைய பொருள் ஒன்று இரத்தத்தில் இருப்பதை 1940-களிலேயே ஆய்வாளர்கள் உணர்ந்திருந்தனர். ஹங்கேரியைச் சேர்ந்த லாக்கி, லோராண்ட் ஆகியோர் 1948-இல் இதுகுறித்த ஆய்வை வெளியிட்டனர். இது இல்லாத முதல் நோயாளியான சுவிட்சர்லாந்துச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1960-இல் டுக்கெர்ட் தலைமையிலான மருத்துவர்கள் பதிவு செய்தனர். உறைதல் காரணிகளின் எண்வரிசையில் கடைசி எண் இதற்கே கிடைத்தது. (அந்த வரிசையில் ஆறாம் எண் கொண்ட காரணி கிடையாது. தனிப் பொருள் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது, பின்னர் ஐந்தாம் காரணியின் செயலூக்கம் பெற்ற வடிவமே எனத் தெரியவந்ததால் நீக்கப்பட்டது.)

எத்தனை பேருக்கு வருகிறது?

உலக அளவில் சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்குக் கடுமையான காரணி 13 குறைபாடு இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், ஹீமோஃபிலியா 'ஏ' வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுகிறது. 20 லட்சத்தில் ஒருவர் என்ற விகிதத்தை 140 கோடி மக்கள்தொகைக்கு அப்படியே பொருத்தினால், இந்தியாவில் சுமார் 700 பேர் இருக்க வேண்டும். ஆனால் இந்தியாவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்குக் காரணம் நோய் கடத்தப்படும் முறை.

ஹீமோஃபிலியா பாலினக் குரோமோசோம் வழியாகக் கடத்தப்படுவது; பெரும்பாலும் ஆண்களையே பாதிப்பது. காரணி 13 குறைபாடு அவ்வாறன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும். ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்ந்துவிடுவார்கள். தாம் சுமக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு உண்டு. மகனா மகளா என்ற வேறுபாடு இதில் இல்லை.

நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள இடங்களில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். உலகிலேயே இந்நோயாளிகள் மிகுதியாகப் பதிவாகியுள்ள பகுதி ஈரானின் தென்கிழக்கில் உள்ள சிஸ்தான்-பலுசிஸ்தான் மாகாணம். அங்குள்ள நோயாளிகளில் பெரும்பாலோரிடம் ஒரே மரபணு மாற்றம் காணப்படுவதால், அது ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. இந்தியாவில் வட மாநிலங்களைவிடத் தென் மாநிலங்களில் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் உறவுத் திருமணங்கள் அதிகம். சில சமூகங்களில் நாடு முழுவதிலும் இவ்வழக்கம் உண்டு. மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனமும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இந்திய நோயாளிகளின் மரபணு மாற்றங்களை ஆராய்ந்துள்ளன. இருப்பினும், பெயரிடப்படாமலேயே இறந்துபோன குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தொப்புளில் தொடங்கும் எச்சரிக்கை

கடுமையான குறைபாடு உள்ளவர்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு நோயின் முதல் வெளிப்பாடு தொப்புளில் ஏற்படும் இரத்தக்கசிவே. பிறந்த முதல் மூன்று வாரங்களுக்குள், குறிப்பாகத் தொப்புள்கொடி விழும் நாட்களில், இது நிகழ்கிறது. வேறு எந்த உறைதல் குறைபாட்டிலும் இந்த அளவுக்குத் தொப்புள் கசிவு முன்னிற்பதில்லை. ஃபைப்ரினோஜன் அறவே இல்லாத நோய் மட்டுமே இதற்கு அருகில் வரும். ஹீமோஃபிலியா குழந்தைகளிடம் தொப்புளில் இரத்தம் கசிவது அரிது.

தொப்புள்கொடி விழும்போது ஓரிரு துளி இரத்தம் துணியில் படுவது இயல்பானது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் கசிவது, நின்றபின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப வருவது, துணி நனையும் அளவுக்குப் பெருகுவது, குழந்தை வெளிறிப்போவது ஆகியவை மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டிய நிலைகள். சிறிது சிறிதாகக் கசியும்போது பெற்றோர் அதன் மொத்த அளவை உணர்வதில்லை. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருப்பது மொத்தமே ஏறத்தாழ கால் லிட்டர் இரத்தம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தியக் குடும்பங்களில் தொப்புள் புண்ணுக்கு மஞ்சள், கடுகெண்ணெய், சாம்பல் போன்றவற்றை இடும் பழக்கம் பல பகுதிகளில் இன்னும் இருக்கிறது. இவை தொற்றை வரவழைப்பதோடு, கசிவுக்குத் தொற்றே காரணம் என்ற முடிவுக்கு மருத்துவரையும் இட்டுச்செல்கின்றன. தொப்புள் சிவந்து, சீழ் வைத்திருந்தால் தொற்று என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் அத்துடன் இரத்தமும் நிற்காமல் கசிந்தால், இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பச்சிளங்குழந்தைக்கு இரத்தம் கசிந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது வைட்டமின் கே குறைபாட்டை. அது சரியானதே, அதுதான் அதிகம். பிறந்தவுடன் போடப்படும் வைட்டமின் கே ஊசி அந்தக் குறைபாட்டைத் தடுக்கிறது. ஆனால் காரணி 13 வைட்டமின் கே-யைச் சார்ந்து உருவாவதில்லை. எனவே ஊசி போட்ட பின்னரும் கசிவு தொடர்ந்தால் அதுவே ஒரு துப்பு.

தலைக்குள் கசிவு

இந்நோயில் அஞ்சத்தக்கது மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவு. கடுமையான குறைபாடு உள்ளவர்களில் சிகிச்சை பெறாத நிலையில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இது நேர்கிறது. பிறவி இரத்தக்கசிவு நோய்களில் மிக உயர்ந்த விகிதங்களுள் இதுவும் ஒன்று. இந்நோயாளிகளின் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் முதன்மைக் காரணமும் இதுவே. ஒருமுறை வந்தவருக்கு, தடுப்பு மருந்து தொடங்கப்படாவிட்டால், மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம்.

பெரிய அடி பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தவழும் குழந்தை தரையில் தலையை முட்டிக்கொண்டது, தொட்டிலில் இடித்துக்கொண்டது போன்ற சிறு நிகழ்வே போதும். சில வேளைகளில் அதுவும் இல்லாமலே கசிவு ஏற்படுகிறது. அடிபட்ட அன்று குழந்தை இயல்பாக விளையாடும். மறுநாள் பால் குடிக்க மறுக்கும். தொடர்ந்து வாந்தி எடுக்கும். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கும் அல்லது ஓயாமல் அழும். உச்சிக்குழி புடைத்துக் காணப்படும். வலிப்பு வரலாம், ஒரு பக்கக் கை கால் அசைவு குறையலாம். வளர்ந்தவர்களிடம் கடும் தலைவலியும் வாந்தியும் முதலில் வரும்.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. கைக்குழந்தையின் தலைக்குள் இரத்தம் கசிந்து, வெளியில் சொல்லத்தக்க விபத்து எதுவும் இல்லாதபோது, குழந்தை அடித்துத் துன்புறுத்தப்பட்டதோ என்ற ஐயம் எழுவது இயற்கை. வழக்கமான உறைதல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தால் அந்த ஐயம் வலுப்படும். எனவே அத்தகைய சூழலில் காரணி 13-ஐயும் அளந்து பார்த்த பின்னரே முடிவுக்கு வருவது, குழந்தைக்கும் பெற்றோருக்கும் நியாயம் செய்வதாகும்.

தாமதமாக வரும் இரத்தம்

வளரும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் இந்நோயைக் காட்டிக்கொடுப்பது கசிவின் அளவைவிட அதன் நேரம். பல் பிடுங்கிய அன்று மாலை எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் காலையில் தலையணை இரத்தத்தில் நனைந்திருக்கும். காயத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பின் 12 முதல் 36 மணி நேரம் கழித்துத் தொடங்கும் கசிவு இந்நோயின் தனி அடையாளமாகக் கருதப்படுகிறது. வலுவற்ற கட்டி கரைய அவ்வளவு நேரம் ஆகிறது. நோயாளி அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். சுன்னத், காது குத்துதல், தடுப்பூசி ஆகியவற்றுக்குப் பின் அன்றைக்கு ஒன்றும் இல்லாமல் இரண்டாம் நாளில் வீங்கியதாகவோ கசிந்ததாகவோ பெற்றோர் கூறினால் அதைக் கவனத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தத் தாமதம் எல்லோரிடமும் காணப்படுவதில்லை. உடனடியாகவே மிகுதியாகக் கசியும் நோயாளிகளும் உண்டு.

தோலில் எளிதில் கன்றிப்போதல், தசைக்குள் இரத்தம் கட்டி வீங்குதல், ஈறிலும் மூக்கிலும் கசிவு ஆகியவையும் காணப்படும். மூட்டுக்குள் இரத்தம் கசிவது ஹீமோஃபிலியாவின் தலையாய அடையாளம். காரணி 13 குறைபாட்டில் அது குறைவு. மூட்டு வீக்கம் இல்லை என்பதால் இரத்தக்கசிவு நோய் இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும்.

மற்றொரு தனித்தன்மை, காயம் ஆறுவதில் ஏற்படும் தாமதம். காரணி 13 இரத்தத்தை நிறுத்துவதோடு, காயத்தின் அடியில் புதிய திசு வளரும் தளத்தை உறுதிப்படுத்தவும் உதவுகிறது. அது இல்லாத சிலருக்குக் காயம் மெதுவாக ஆறும், தையல் பிரியும், ஆறிய இடத்தில் தழும்பு தடித்து நிற்கும். எல்லா நோயாளிகளிடமும் இது இருப்பதில்லை. எனினும், இரத்தக்கசிவோடு ஆறாத புண்ணும் சேர்ந்திருந்தால் ஐயம் வலுப்பெற வேண்டும்.

பெண்களிடம்

ஹீமோஃபிலியா ஆண்களின் நோய் என்ற எண்ணம் பொதுமக்களிடம் ஆழமாகப் பதிந்திருப்பதால், ஒரு பெண்ணுக்கு இரத்தக்கசிவு நோய் இருக்கலாம் என்று யாரும் எளிதில் நினைப்பதில்லை. மாதவிடாயில் மிகுதியான கசிவு என்றால் கருப்பைக் கோளாறு என்றே கருதி மருந்து கொடுக்கப்படுகிறது. காரணி 13 குறைபாடுள்ள பெண்களுக்கு மாதவிடாய்க் கசிவு மிகுவதோடு, சினைமுட்டை வெளிவரும் நாட்களில் வயிற்றறைக்குள் இரத்தம் கசிந்து கடும் வலி ஏற்படுவதும் உண்டு.

இன்னும் முக்கியமானது கருச்சிதைவு. கரு கருப்பைச் சுவரில் உறுதியாகப் பற்றிக்கொள்ளக் காரணி 13 தேவைப்படுகிறது. கடுமையான குறைபாடுள்ள பெண்களுக்குச் சிகிச்சையின்றிக் கரு நிலைப்பது மிக அரிது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்தப்போக்குடன் கலைந்துவிடுகிறது. கருவுற்றது தெரிந்த உடனேயே தொடங்கி முறையாகக் காரணியைச் செலுத்திவந்தால், இதே பெண்கள் குழந்தை பெற்றெடுக்கின்றனர்.

தொடர் கருச்சிதைவுக்கு வேறு பல காரணங்கள் உள்ளன, அவையே அதிகம். அவ்வாறு பாதிக்கப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை தேவை என்பதில்லை. ஆனால் தொடர்ந்து கரு கலையும் ஒரு பெண், சிறுவயதிலிருந்தே உடல் எளிதில் கன்றிப்போகும் என்றோ, பல் பிடுங்கியபோது மறுநாள் இரத்தம் வந்தது என்றோ, தன் உடன்பிறந்த குழந்தை ஒன்று பிறந்த சில நாட்களில் இரத்தம் கசிந்து இறந்தது என்றோ கூறினால், மகப்பேறு மருத்துவர் இரத்தவியல் மருத்துவரையும் கலந்துகொள்வது நல்லது. குடும்பத்தில் 'பிறந்து சில நாளில் தவறிப்போன குழந்தை' பற்றிய செய்தி பெரும்பாலும் கேட்டால் மட்டுமே வெளியே வரும்.

பரிசோதனை ஏன் ஏமாற்றுகிறது?

இரத்தக்கசிவு என்று வரும் நோயாளிக்கு வழக்கமாகச் செய்யப்படுபவை தட்டணு எண்ணிக்கை, பி.டி., ஏ.பி.டி.டி. ஆகிய பரிசோதனைகள். பின்னிரண்டும், சோதனைக் குழாயில் ஃபைப்ரின் கட்டி உருவாக எத்தனை நொடிகள் ஆகின்றன என்பதை அளக்கின்றன. கட்டி உருவானதும் கடிகாரம் நிறுத்தப்படுகிறது. காரணி 13 தன் பணியைத் தொடங்குவதோ அதற்குப் பிறகு. ஆகவே அது அறவே இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனைகள் இயல்பு என்றே காட்டும். பரிசோதனையிலோ கருவியிலோ பழுது எதுவும் இல்லை. அவை காரணி 13-ஐ அளப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. 'எல்லாம் நார்மல்' என்று எழுதப்பட்ட தாளைப் பெற்றோரிடம் கொடுக்கும்போது இந்த வரம்பு பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை.

இந்தியாவில் பல இடங்களிலும் செய்யத்தக்க எளிய வழி, கட்டி கரையும் பரிசோதனை. நோயாளியின் பிளாஸ்மாவை உறைய வைத்து, அந்தக் கட்டியை அடர்த்தியான யூரியா கரைசலில் போட்டு 24 மணி நேரம் வரை கவனிக்கிறார்கள். பிணைப்புகள் சரியாக இருந்தால் கட்டி அப்படியே இருக்கும். காரணி 13 இல்லாவிட்டால் கரைந்துபோகும். செலவு குறைவு; விலை உயர்ந்த கருவியும் தேவையில்லை. ஆனால் காரணியின் அளவு ஏறத்தாழ முற்றிலும் இல்லாத நிலையை மட்டுமே இது உறுதியாகக் காட்டும். ஓரளவு குறைந்திருப்பவர்களிடம் கட்டி கரையாது. நோய் இல்லை என்று தவறாக எண்ண நேரும். எனவே காரணி 13-இன் செயல்திறனை எண்ணளவில் அளக்கும் பரிசோதனையையே முதலில் செய்ய வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. அந்த வசதி பெரிய மையங்களில் மட்டுமே உள்ளது.

இரத்தம் எப்போது எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். கசிவோடு வரும் குழந்தைக்கு அவசரத்தில் பிளாஸ்மாவோ இரத்தமோ ஏற்றிவிடுவது வழக்கம். உயிரைக் காக்க அது தேவையே. ஆனால் ஏற்றியபின் எடுக்கும் மாதிரியில் கொடையாளியின் காரணி 13 கலந்திருக்கும். இக்காரணி இரத்தத்தில் நெடுநாள் தங்குவது. பாதியாகக் குறையவே 9 முதல் 14 நாட்கள் ஆகும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே ஒரு சிறு மாதிரியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது தவறிவிட்டால் சில வாரங்கள் காத்திருந்து மீண்டும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். பெற்றோரைப் பரிசோதிப்பதும் உதவும். பழுதான மரபணுவைச் சுமப்பவர்களிடம் காரணியின் அளவு ஏறத்தாழப் பாதியாக இருக்கக்கூடும்.

வழக்கமான பரிசோதனைகள் இயல்பாக இருந்தும் இரத்தம் கசியும் நோய்கள் வேறு சிலவும் உள்ளன. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை ஒன்றோடொன்று ஒட்டாத கிளான்ஸ்மன் நோய் அவற்றுள் ஒன்று. அதில் மூக்கு, ஈறு, தோல் ஆகியவற்றில் உடனடிக் கசிவே மேலோங்கி நிற்கும். கட்டியைக் கரைக்கும் நொதிகளுக்குத் தடை போடும் புரதங்கள் குறைவதால் வரும் மிக அரிதான நோய்களில் காரணி 13 குறைபாட்டைப் போலவே தாமதமான கசிவு காணப்படும். இவற்றைப் பிரித்தறிவது இரத்தவியல் மருத்துவரின் பணி.

முதுமையில் வருவது

பிறவியில் இல்லாமல் பிற்காலத்திலும் இக்குறைபாடு வரலாம். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தவறுதலாகக் காரணி 13-ஐயே தாக்குவதால் இது ஏற்படுகிறது. பெரும்பாலும் முதியவர்களிடம் காணப்படும் இவ்வகை, ஜப்பானில் அதிகமாகப் பதிவாகியுள்ளது. அதுவரை எந்த இரத்தக்கசிவுத் தொல்லையும் இல்லாத ஒருவருக்குத் திடீரெனத் தோலிலும் தசையிலும் பெரிய அளவில் இரத்தம் கட்டிக்கொள்ளும். வழக்கமான பரிசோதனைகள் இங்கும் இயல்பாகவே இருக்கும். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியசிட் மருந்தோடு தொடர்புடைய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இவை மிக அரிதானவை என்பதால், இதை எண்ணிக் காசநோய் மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

சிகிச்சை

கண்டறிவதில் இவ்வளவு சிக்கல் உள்ள நோய்க்குச் சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஹீமோஃபிலியா 'ஏ' நோயாளிக்குச் செலுத்தப்படும் எட்டாம் காரணி சுமார் 12 மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். காரணி 13 நெடுநாள் தங்குவதாலும், இரத்தக்கசிவைத் தடுக்க இதன் சிறு அளவே போதும் என்பதாலும், பொதுவாக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தினால் போதுமானது. மனித பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செறிவு மருந்துக்கு அமெரிக்காவில் 2011-இலும், மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்ட மருந்துக்கு 2013-இலும் அனுமதி வழங்கப்பட்டது. இவை கிடைக்காத இடங்களில் இரத்த வங்கியில் பிளாஸ்மாவை உறையவைத்துப் பிரித்தெடுக்கப்படும் 'கிரையோபிரெசிபிடேட்' அல்லது உறையவைத்த பிளாஸ்மாவே பயன்படுத்தப்படுகிறது. ஒவ்வாமை, தொற்று ஆகியவற்றுக்கான வாய்ப்பு இவற்றில் கூடுதல் என்றாலும், மூளைக் கசிவைத் தடுப்பதில் இவை கைகொடுக்கின்றன. ஒருமுறை நோய் உறுதியானால், அடுத்த கசிவு வரும்வரை காத்திராமல் உடனே தடுப்புச் சிகிச்சையைத் தொடங்குவதே மருத்துவர்களின் பரிந்துரை.

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளைத் தவிர்க்க வேண்டும். தடுப்பூசிகளை விட்டுவிடத் தேவையில்லை. மெல்லிய ஊசியால் போட்டு, அவ்விடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கலாம். பல் பிடுங்குதல் உட்பட எந்தச் சிறு அறுவைக்கும் முன்னதாக இரத்தவியல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தின் வாசகம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. இரத்த நோய்களில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாளணுச் சோகை ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஹீமோஃபிலியாவை, வழக்கமாக ஆண்களை மட்டுமே பாதிப்பதாகவும் பெண்கள் வழியாக மகன்களுக்குக் கடத்தப்படுவதாகவும் அச்சட்டம் வரையறுக்கிறது. இரத்தம் உறையும் இயல்பு குன்றி, சிறு காயமும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்ற அவ்வரையறையின் பிற்பகுதி, காரணி 13 இல்லாத ஒரு சிறுமிக்கு அப்படியே பொருந்துகிறது, முற்பகுதி பொருந்தவில்லை. அவளுடைய நோயின் பெயரும் பட்டியலில் இல்லை.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியான குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள் அனைவரையும், பெண் குழந்தைகள் உட்பட, பரிசோதிக்க வேண்டும். இதுவரை எந்தத் தொல்லையும் இல்லாத குழந்தைக்கும் இது பொருந்தும். அடுத்த கரு தரித்தால் மகப்பேறு மருத்துவரிடம் முதல் வருகையிலேயே இதைத் தெரிவித்து, பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தே மாதிரி எடுக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். நோயின் பெயர், கடைசியாகக் காரணி செலுத்தப்பட்ட நாள், சிகிச்சை பெறும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்று நோயாளியிடம் எப்போதும் இருக்க வேண்டும். தலையில் அடிபட்டு நள்ளிரவில் வேறோர் ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தால், அங்கு எடுக்கப்படும் முதல் இரத்தப் பரிசோதனை இயல்பு என்றே வரும். நோயைத் தெரிவிக்க அங்கே அந்த அட்டை ஒன்றுதான் இருக்கும்.